மதுரை–விருதுநகர் மெமு: கம்பி இருக்கிறது, கரண்ட் தாங்குமா?

விருதைக்காரன்:
மதுரைக்கும் விருதுநகருக்கும் இடையே 40 கிலோமீட்டர் சொச்சம்தான். இரட்டைப் பாதை, மேலே 25,000 வோல்ட் கம்பி. காலையிலும் மாலையிலும் அரை மணிக்கு ஒரு மெமு (குறுந்தூர மின்சாரப் பயணிகள் ரயில்) விட்டால் என்ன? ரயில்வேக்கு மனு எழுதப் போகிறேன். நான் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறேன். 'துணை மின் நிலையத்தைப் பார்க்காமல் வண்டி கேட்காதீர்கள்' என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது சாக்காகத்தான் படுகிறது.

பழைய டிஆர்டி:
தம்பி, எழுதியது நான்தான். கம்பிக்குக் கரண்ட் கொடுக்கும் டிஆர்டி பிரிவின் பழைய ஆள். மின்வாரியத்தின் உயர் அழுத்த லைனில் இருந்து எடுத்து, துணை மின் நிலையத்தில் 25 கிலோவோல்ட்டாக இறக்கித்தான் கம்பிக்கு விடுகிறார்கள். அடுத்தடுத்த துணை மின் நிலையங்கள் மும்முனை மின்சாரத்தின் வேறு வேறு ஃபேஸில் (முனையில்) இருந்து எடுப்பதால் நடுவில் கரண்ட் இல்லாத ஒரு துண்டு இருக்கும். சென்னை மின்ரயிலில் விளக்கும் ஃபேனும் சட்டென்று அணைந்து திரும்ப வருமே, அந்த இடம்தான். ஒரு துணை மின் நிலையம் படுத்துவிட்டால் பக்கத்துத் துணை மின் நிலையம் அதன் தூரத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். தூரம் கூடக் கூட வோல்டேஜ் இறங்கும். 19 கிலோவோல்ட்டுக்குக் கீழே தொடர்ந்து ஓட்டக் கூடாது. அந்த நேரம் பார்த்து இரண்டு மெமு ஒன்றாகக் கிளம்பினால்?

விருதைக்காரன்:
அண்ணாச்சி, சரக்கு ரயிலை இழுக்கும் டபிள்யூஏஜி-9 என்ஜின் ஒன்றே 6,120 குதிரைத்திறன். அதைத் தாங்குகிற கம்பி எட்டுப் பெட்டி மெமுவைத் தாங்காதா? புது மெமு பிரேக் போடும்போது கரண்டைத் திருப்பியும் தருகிறதே.

திருமங்கலத்தாள்:
போன சித்திரையில் நான் வந்த வண்டி நடுக்காட்டில் நின்றுவிட்டது. கம்பியில் கரண்ட் இல்லை என்றார்கள். ஃபேன் நின்றது. எதிர் சீட்டில் ஓர் அம்மா, கைக்குழந்தைக்கு முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். பாட்டிலில் இருந்த கடைசித் தண்ணீரைத் துணியில் நனைத்து அதன் நெற்றியில் வைத்தார். எனக்கும் மெமு வேண்டும். ஆனால் அண்ணாச்சி கேட்பதைத் தள்ளிவிடாதீர்கள்.

பழைய டிஆர்டி:
தம்பி சொல்லும் சரக்குக் கணக்கு சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரக்கு வண்டியைக் கூட்ட நேரத்தில் ஓரமாக நிறுத்திவைக்கலாம், ஆபீஸ் போகிறவர்களை நிறுத்த முடியாது. மெமு ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று நின்று கிளம்பும், ஒவ்வொரு கிளம்பலுக்கும் கரண்ட் ஏறி இறங்கும். ஒப்பந்தத்தில் சொன்ன மின் அளவைத் தாண்டினால் மின்கட்டணத்தில் அபராதமும் உண்டு. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போனால் மாற்று தயாராக இருக்கிறதா, பக்கத்துத் துணை மின் நிலையத்தின் கரண்டை வைத்துக் காலைக் கூட்டத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறார்களா? இந்த இரண்டையும் மனுவில் கேளுங்கள்.

விருதைக்காரன்:
சரி அண்ணாச்சி, சேர்க்கிறேன். ஆனால் மனுவின் முதல் வரி மெமுதான்.