பழைய கச்சேரிக் காட்சியை ஆவணப்படத்தில் சேர்க்க: காப்பகம் தரும் உரிமம் மட்டும் போதுமா?

படத்தொகுப்பு_மேசை (கேள்வி)

70 நிமிட ஆவணப்படம், ரஃப் கட் (முதல் கட்டத் தொகுப்பு) தயார். அதில் இரண்டு பழைய இசைக் காட்சிகள் வருகின்றன. ஒன்று, 1970களில் ஒரு தொலைக்காட்சி நிலையம் தன் ஸ்டுடியோவில் எடுத்த பாடல், 1 நிமிடம் 50 விநாடி. இன்னொன்று, ரசிகர் ஒருவர் அரங்கில் 16 எம்.எம். கேமராவில் எடுத்தது, 40 விநாடி.

முதல் காட்சிக்குக் காப்பகம் விலை அனுப்பிவிட்டது: எல்லா ஊடகங்களும், உலகம் முழுவதும், 10 ஆண்டு. ஆனால் வரைவு ஒப்பந்தத்தில் "மூன்றாம் தரப்பு உரிமைகளைப் பெறுவது உரிமம் பெறுபவரின் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியென்றால் நாம் எதற்குப் பணம் கட்டுகிறோம்? இன்னும் யாரிடமெல்லாம் போக வேண்டும், எந்த வரிசையில்? இரண்டாவது காட்சியை எடுத்தவரின் குடும்பம் கையெழுத்துப் போட்டுத் தரத் தயார். அது போதுமா? முதலில் திரைப்பட விழாக்கள், பிறகு ஓ.டி.டி. என்பது திட்டம்.

உரிமை_மேசை

நீங்கள் குறிப்பிட்ட அந்த ஒரு வரிதான் அந்த ஒப்பந்தத்தில் முக்கியம். காப்பகம் விற்பது படத்தைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும். அந்தப் படத்துக்குள் இருக்கும் பாட்டு, ஒலிப்பதிவு, பாடியவர், வாசித்தவர்கள் எல்லாம் தனித்தனி உரிமைகள்.

முதலில் பாட்டைப் பிடியுங்கள். மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிமை வைத்திருக்கும் பதிப்பாளரிடம் சிங்க் உரிமம் (பாட்டைப் படத்தோடு சேர்த்துப் பயன்படுத்தும் அனுமதி) வாங்க வேண்டும். காப்பகத்துக்குப் பணம் கட்டிய பிறகு பதிப்பாளர் "தர மாட்டேன்" என்றால் அந்தக் காட்சி உங்களுக்குப் பயன்படாது, கட்டிய பணமும் திரும்பாது. பெரும்பாலான நாடுகளில் சிங்குக்குக் கட்டாய உரிமம் கிடையாது. மறுக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. நேரலை நிகழ்ச்சிகளுக்கும் ஒளிபரப்புக்கும் பணம் வசூலிக்கும் சங்கத்தின் உரிமத்தை சிங்க் என்று நினைத்துவிடாதீர்கள். சில நாடுகளில் ஒளிபரப்பு நிலையங்கள் வைத்திருக்கும் ஒட்டுமொத்த உரிமம் அவர்கள் தயாரிக்கும் நிகழ்ச்சிக்கு சிங்கையும் சேர்த்துக் கொடுக்கும். அது அவர்களோடு சரி. உங்கள் படம் ஓ.டி.டி.க்குப் போகும்போது கூட வராது.

ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று பதிப்பாளர்கள் இருந்தால் ஒவ்வொருவரிடமும் தனியாக வாங்க வேண்டும். விலை வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது உங்கள் பங்குக்கு மட்டுமா, 100 சதவீதத்துக்கா?" 50 சதவீதம் வைத்திருப்பவர் முழுப் பாட்டுக்கான தொகையை எழுதி, அதில் பாதியைத்தான் எதிர்பார்ப்பார். மற்றவர் தன் பங்கை மட்டும் எழுதுவார். இது தெரியாமல் கூட்டினால் பட்ஜெட் தப்பாகிவிடும். இதோடு "சம சலுகை" நிபந்தனையும் வரும்: பாட்டுக்கோ ஒலிப்பதிவுக்கோ உரிமை வைத்திருப்பவர்களில் ஒருவருக்கு அதிகம் கொடுத்தால், அந்த நிபந்தனை போட்ட எல்லோருக்கும் அதே விகிதத்தில் உயர்த்தித் தர வேண்டும். கடைசியில் கையெழுத்திடுபவர் கேட்கும் விலை முன்பே முடித்த ஒப்பந்தங்களின் தொகையையும் உயர்த்திவிடும்.

இன்னொன்று. காப்பகம் விநாடிக்கோ நிமிடத்துக்கோ கணக்குப் போடும், பெரும்பாலும் ஒரு குறைந்தபட்ச நீளத்தோடு. பதிப்பாளர் பெரும்பாலும் பயன்பாட்டுக்கு இவ்வளவு என்று போடுவார். 1:50ஐ 0:50 ஆகக் குறைத்தால் காப்பகச் செலவு இறங்கும். சிங்க் அதே அளவுக்கு இறங்காது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் நிமிடங்களை வெட்டுவதைவிடப் பாடல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது பலன் தரும்.

நாடாவும்_ஒலியும்

ஒலியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் சேர்க்கிறேன். அந்தக் காலத்து ஸ்டுடியோ நிகழ்ச்சிகளில் பலவற்றில் பாடகர் வாயை மட்டும் அசைப்பார். ஓடுவது கடையில் விற்ற இசைத்தட்டு. அப்படியிருந்தால் ஒலியின் உரிமை இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும், தனியாக மாஸ்டர் உரிமம் (அந்த ஒலிப்பதிவைப் பயன்படுத்தும் அனுமதி) வேண்டும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வெளியான பதிவையும் காட்சியின் ஒலியையும் எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து முதல் தாளத்தைப் பொருத்துங்கள். ஒவ்வோர் அடியும் கடைசி வரை பொருந்தினால், அல்லது சீரான வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விலகினால், அது இசைத்தட்டு. சீரான விலகல் நாடாவின் வேக வேறுபாட்டால் வருவது. ஓரிடத்தில் முந்தி இன்னோரிடத்தில் பிந்தினால் அது அந்த இசைத்தட்டு அல்ல, வேறொரு வாசிப்பு. கவனம்: இசை பதிவிலிருந்து ஓட, குரல் மட்டும் நேரடியாகப் பாடிய நிகழ்ச்சிகளும் உண்டு. அதனால் குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். நேரடியாகவே பாடியிருந்தாலும், பாடகர் அப்போது ஒரு நிறுவனத்தோடு தனியுரிமை ஒப்பந்தத்தில் இருந்தாரா என்று விசாரியுங்கள்.

16 எம்.எம். காட்சியில் இதைவிடப் பெரிய சந்தேகம். ரசிகர்கள் வைத்திருந்த கேமராக்களில் பெரும்பாலானவை ஒலி பிடிக்காதவை. இப்போது கேட்கும் ஒலி பிற்பாடு யாரோ இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ ஒட்டியதாக இருக்கலாம். மூலச் சுருளை வாங்கிப் பாருங்கள். ஒலித்தடமும் இல்லை, தனி ஒலிச்சுருளும் இல்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

வேகமும் முக்கியம். விநாடிக்கு 24 சட்டத்தில் (ஃபிரேம்) எடுத்த படத்தை 25இல் ஓட்டி நாடாவுக்கு மாற்றியிருந்தால் பாட்டு சுமார் 4 சதவீதம் வேகமாகும். சுருதி ஓர் அரைச்சுரத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறும். இசையைப் பற்றிய படத்தில் அது அப்படியே போனால் பாடகருக்குச் செய்யும் அநியாயம். எந்த வேகத்தில் மாற்றினார்கள் என்று காப்பகத்தை எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தம்_வாசி

குடும்பத்தின் கையெழுத்து தேவைதான், ஆனால் போதாது. கேமரா பிடித்தவருக்கு இருந்தது படத்தின் உரிமை மட்டும். அந்த மேடையில் இருந்தவர்கள் யாரும் அவருக்கு ஒப்புதல் தரவில்லை. தன்னிடம் இல்லாத ஒன்றை அவர் குடும்பத்தால் எழுதித் தர முடியாது. கலைஞர்களின் உரிமை பற்றிய 1961 ரோம் உடன்படிக்கையிலேயே வேறுபாடு தெளிவாக இருக்கிறது: படப்பதிவில் சேர்க்கத் தாமே ஒப்புக்கொண்ட கலைஞருக்கு அதன் 7ஆம் பிரிவுப் பாதுகாப்பு (ஒப்புதலின்றிப் பதிவதற்கு எதிரானது) அதன்பின் பொருந்தாது. ஒப்புக்கொள்ளாமல் எடுக்கப்பட்டவருக்குப் பொருந்தும். 2012இல் கையெழுத்தாகி 2020இல் நடைமுறைக்கு வந்த பெய்ஜிங் உடன்படிக்கை, காட்சிப்பதிவில் இருக்கும் கலைஞர்களுக்கென்றே உரிமைகளைத் தருகிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்பதால், படம் வெளியாகும் இடங்களை வைத்து வழக்கறிஞரைக் கேளுங்கள்.

தொலைக்காட்சிக் காட்சிக்கு, காப்பகத்திடம் அன்றைய கலைஞர் ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். அக்கால ஒப்பந்தங்கள் பல ஓர் ஒளிபரப்பும் ஒன்றிரண்டு மறுஒளிபரப்பும் மட்டுமே தந்தன. இசைக்கலைஞர் தொழிற்சங்க விதி இருந்தால் திரையில் தெரியும் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் மறுபயன்பாட்டுத் தொகை போகும். முன்னால் நிற்கும் பாடகருக்கு மட்டும் அல்ல. இறந்தவர்களுக்கு வாரிசுகளிடம் போக வேண்டும்.

விழாவுக்கு மட்டும் மலிவான உரிமம் வாங்கிக்கொண்டு பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். படம் விற்ற பிறகு போய்க் கேட்டால் அவர்கள் சொல்வதுதான் விலை. இப்போதே விழா, ஓ.டி.டி., திரையரங்கு ஒவ்வொன்றுக்கும் விலையையும், எத்தனை மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பிழை, விடுபாட்டுக் காப்பீடு (உரிமை வழக்கு வந்தால் ஈடுசெய்வது) எடுக்கும்போது ஒவ்வொரு காட்சிக்கும் கையெழுத்தான ஒப்பந்தம் கேட்பார்கள். மின்னஞ்சலில் "சரி" என்று வந்தது எடுபடாது.

படத்தொகுப்பு_மேசை

மிக்க நன்றி. ஒலியை முழுக்க எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் பேட்டிக்கு அடியில் போட்டால்?

உரிமை_மேசை

சிங்கும் ஒலிப்பதிவு உரிமமும் தேவைப்படாது. கலைஞர்களின் ஒப்புதலும் படத்தின் உரிமமும் அப்படியே நிற்கும். ஆனால் அந்த வாயசைவின் மேல் வேறு பாட்டை வைக்காதீர்கள். அவர் பாடாததைப் பாடியதாகக் காட்டுவது அது; காட்சியைத் திரித்தல் கூடாது என்ற நிபந்தனையிலும் மாட்டும். 4:3 அளவுள்ள பழைய படத்தை அகலத்திரைக்கு வெட்டுவதையும் சில காப்பகங்கள் அதே நிபந்தனையில் தடுக்கின்றன.

நாடாவும்_ஒலியும்

காப்பகத்திடம் மாஸ்டர் (முழுத்தரப் பிரதி) கேட்கும்போது: வாட்டர்மார்க் போட்ட ஸ்கிரீனரில் (பார்வைக்குத் தரும் பிரதி) படத்தின் மேலேயே பதிந்திருக்கும் டைம்கோடைத்தான் (நேர எண்) பட்டியலில் எழுத வேண்டும், உங்கள் டைம்லைன் எண்ணை அல்ல. நாடா எண், தொடக்கம், முடிவு, இரு பக்கமும் ஒரு விநாடி கூடுதல். அந்தக் கூடுதலுக்கும் கட்டணம் உண்டா, ஒரே ஷாட் இரண்டு முறை வந்தால் இரண்டு முறை எண்ணுவார்களா என்று முன்பே கேளுங்கள். ஸ்கிரீனரை இணையத்துக்காக 30 சட்டத்துக்கு மாற்றியிருந்தால் சட்டக் கணக்கு மாஸ்டரோடு பொருந்தாது. இன்டர்லேஸ் நாடாவை (ஒவ்வொரு சட்டமும் இரு பாதிகளாகப் பதிந்தது) பிரிக்காமல் அப்படியே கேளுங்கள். பிரிப்பதை உங்கள் பக்கம் நல்ல கருவியில் செய்துகொள்ளலாம். படச்சுருள் என்றால் ஒலி தனிக் காந்தச் சுருளில் இருக்கக்கூடும், "ஒலியோடு" என்று எழுதாவிட்டால் ஊமைப் படம் வந்து சேரும். பழைய நாடாவில் ஒட்டும் தன்மை வந்திருந்தால் குறைந்த வெப்பத்தில் பல மணி நேரம் சூடாக்கிய பிறகுதான் ஓட்ட முடியும். அந்தக் கட்டணம் உரிமத் தொகையில் சேராது, பிக்சர் லாக் (படத்தொகுப்பை இறுதியாக்கும்) தேதிக்கு முன் அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.