தாம்பரத்தில் வீடு பார்க்கிறோம்: கிழக்கா, மேற்கா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து நுங்கம்பாக்கத்திலுள்ள அலுவலகத்துக்கு எனக்கு மாற்றல் வந்திருக்கிறது. நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாது என்பதாலும், மின்சார ரயிலில் ஏறினால் அலுவலக வாசலுக்கு அருகிலேயே இறங்கிவிடலாம் என்பதாலும் தாம்பரத்தில் குடியேறலாம் என்று நினைக்கிறோம். என்னுடன் மனைவியும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும் அம்மாவும் வருகிறார்கள். மூட்டுவலிக்காக அம்மாவைத் தாம்பரத்துக்கு அடுத்த நிலையமான சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு மாதம் ஒருமுறையாவது அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும். வீட்டுத் தரகர் ஒருவர் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டையும், மேற்கே முடிச்சூர் சாலையில் அதைவிட வாடகை குறைந்த இன்னொரு வீட்டையும் காட்டினார். எது நல்லது என்று அங்கே வசிப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (சேலையூர்வாசி)

ஐயா, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிழக்குப் பக்கத்தில் இருப்பவன் என்பதால் என் பேச்சில் சற்றுச் சார்பு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். கடற்கரை நிலையத்திலிருந்து எண்ணினால் தாம்பரம் பதினெட்டாவது நிலையம். 1931-இல் இந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அது தாம்பரத்தோடு நின்றதால்தான் இந்த ஊருக்கு முனையம் என்ற தகுதி வந்தது. 2004-இல் மீட்டர் கேஜ் வண்டிகள் விடைபெற்று, இன்று ரயில்கள் செங்கல்பட்டையும் தாண்டிப் போகின்றன என்றாலும், தாம்பரத்திலிருந்தே புறப்படும் வண்டிகள் இன்னமும் நிறைய இருக்கின்றன. உங்களுக்கு அதுதான் முக்கியம். காலை எட்டு மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி கூடுவாஞ்சேரியிலும் பெருங்களத்தூரிலும் நிரம்பி வழிந்துதான் நம்மிடம் வந்து சேரும். அதில் ஒற்றைக் காலில் நின்றபடி நுங்கம்பாக்கம் போவதைவிட, பத்து நிமிடம் பொறுத்திருந்து தாம்பரத்தில் புறப்படும் வண்டியில் ஏறினால் உட்கார்ந்து போகலாம். காலி வண்டி நடைமேடைக்குள் நுழைந்து நிற்பதற்கு முன்பே கைக்குட்டையும் சாப்பாட்டுப் பையும் ஜன்னல் வழியாக இருக்கைகளில் விழுவதை முதல் நாளே பார்ப்பீர்கள். சானடோரியத்தில் வசிக்கும் சிலர் இதற்காகவே ஒரு நிலையம் பின்னோக்கி வந்து, அதே வண்டி திரும்பும்போது இடம் பிடித்துக்கொள்வதும் உண்டு.

கிழக்குப் பக்கத்தைப் பற்றிச் சொல்வதானால், 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்ததும், அதன் வளாகக் காடு இன்றுவரை தப்பிப் பிழைத்திருப்பதும் இப்பகுதிக்குக் கிடைத்த பேறு. ஏப்ரல் மாத மாலையில் வேளச்சேரி சாலையிலிருந்து கல்லூரி மதிலோரமாக நடந்தால் வெயிலின் வேகம் குறைந்திருப்பதை உடம்பே உணரும். பள்ளிகளுக்கும் குறைவில்லை. ஆனால் கேம்ப் ரோடு சந்திப்பைத் தாண்டி வீடு எடுத்தால், மாலையில் நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேர ரயில் பயணத்தில் பாதி நேரம் ஆகிவிடும்.

பதில் 2 (முடிச்சூரில் இருந்தவன்)

முன்னவர் மேற்குப் பக்கத்தைத் தொடவே இல்லை என்பதால் நான் சொல்கிறேன். மேற்கில் ஜி.எஸ்.டி. சாலையும் (திருச்சி போகும் நெடுஞ்சாலை) பேருந்து நிலையமும் சண்முகம் சாலைக் கடைவீதியும் இருக்கின்றன. காய்கறியிலிருந்து பள்ளிச் சீருடை வரை எல்லாவற்றையும் ரயிலை விட்டு இறங்கிய கையோடு வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். கிழக்குவாசிகளும் அதற்காக நடைமேம்பாலம் ஏறி இங்கேதான் வருகிறார்கள் என்பதை நண்பர் மறுக்கமாட்டார்.

ஆனால் முடிச்சூர் சாலை வீட்டுக்கு வாடகை ஏன் குறைவு என்பதைத் தரகர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். 2015 டிசம்பரில் அடையாற்றில் வெள்ளம் வந்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. தெருக்களில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் மின்விசிறிச் சுவிட்சுப் பலகைக்கு நான்கு விரற்கடை கீழே வந்து நின்றது. வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால் பத்திரங்களெல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. அதற்குப் பிறகு கால்வாய்ப் பணிகள் நடந்திருக்கின்றன என்பதும் உண்மை, மேட்டுப் பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஏறாத தெருக்கள் இருக்கின்றன என்பதும் உண்மை. ஆகவே சாலையின் பெயரைக் கேட்டதும் ஒதுக்கிவிட வேண்டாம். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம், அந்த ஆண்டு எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்று விசாரியுங்கள். அவருக்குக் கமிஷன் கிடையாது. வயதானவர் உடன் இருப்பதால், வாடகை கூடினாலும் முதல் மாடி வீடாகப் பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். மூட்டுவலி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் தரை உயர்த்திக் கட்டிய வீடு கிடைத்தால் நல்லது.

பதில் 3 (மகளிர் பெட்டி)

ரயில் நிலைய நடைமேம்பாலத்தைப் பற்றி முன்னவர் போகிற போக்கில் பேசிவிட்டார். மாலை ஆறரை மணிக்கு ஒரு வண்டி வந்து நின்றால் அந்தப் படிக்கட்டில் நாம் நடப்பதில்லை. கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. ரயில் பயணிகளோடு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக மட்டுமே பாலத்தைப் பயன்படுத்துவோரும் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த வேளையில் உங்கள் அம்மாவை அங்கே அழைத்துவர வேண்டாம்.

மனைவியும் வேலைக்குப் போவதாக இருந்தால் மகளிர் பெட்டியைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். திரும்பி வரும்போது மாம்பலத்தில் வாங்கிய அவரைக்காயைப் பல்லாவரம் வருவதற்குள் நாரெடுத்துப் பையில் போட்டுவிடும் பெண்கள் அதில் இருக்கிறார்கள். குரோம்பேட்டையில் இறங்குபவர் தம் இருக்கையை யாருக்கு விடுவது என்பதைக் கிண்டியிலேயே முடிவுசெய்துவிடுவார். ஓரிரு வாரம் ஒரே வண்டியில் போனால் அந்த ஏற்பாட்டில் உங்கள் மனைவிக்கும் ஓர் இடம் கிடைத்துவிடும்.

பதில் 4 (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. வெள்ளத்தைப் பற்றித் தரகர் வாயே திறக்கவில்லை. இரண்டு சந்தேகங்கள் மிச்சமிருக்கின்றன. சொந்த ஊர் போய்வர எழும்பூருக்குத்தான் போக வேண்டுமா? தாம்பரத்தில் ரயில் தடைபட்டால் அலுவலகம் போக வேறு வழி உண்டா?

பதில் 5 (பழைய சீசன் டிக்கெட்)

எழும்பூர் போக வேண்டியதில்லை. தென்மாவட்ட விரைவு ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கின்றன, சில இங்கிருந்தே புறப்படுகின்றன. பேருந்தென்றால் 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு தெற்கே செல்லும் அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுகின்றன. தாம்பரத்திலிருந்து மாநகரப் பேருந்தில் போய்விடலாம்.

தடைபடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். 2024 ஆகஸ்டில் தாம்பரம் யார்டில் தடங்களை மாற்றியமைத்த நாட்களில் மின்சார ரயில்கள் கடற்கரையிலிருந்து பல்லாவரம் வரையும், மறுபுறம் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரையும்தான் ஓடின. இடைப்பட்ட தூரத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் விட்டார்கள். அந்த நாட்களில் நான் பல்லாவரம் வரை பேருந்தில் போய், அங்கே காலி வண்டியில் சாவகாசமாக உட்கார்ந்து போனேன். அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதம் என்பது வேறு விஷயம். இன்னொரு வழி, விமான நிலையம் வரை பேருந்தில் போய் அங்கிருந்து மெட்ரோ பிடிப்பது. ஆனால் அது நுங்கம்பாக்கம் நிலையத்தைத் தொடாது, செலவும் கூடுதல். 2025 ஏப்ரலில் வந்த குளிர்சாதன மின்சார ரயிலையும் நம்பித் திட்டமிடாதீர்கள். உங்கள் நேரத்துக்கு அமைந்தால் வெயில் காலத்தில் ஏறிக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை என் யோசனை வேறு. உங்கள் அலுவலகமும் அம்மாவின் மருத்துவமனையும் ஒரே தடத்தில் இருக்கின்றன. கிழக்குத் தாம்பரத்தில் நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் சானடோரியத்திலேயே தேடுங்கள். அம்மா மேம்பாலம் ஏறத் தேவையில்லாத பக்கமாகப் பார்த்துக்கொண்டால் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக இருந்தால் அன்று ரயில்கள் குறைவு என்பதால் கூட்டத்தின் உண்மை நிலை தெரியாது. ஒரு நாள் விடுப்பு எடுத்து, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தரகர் காட்டிய வீட்டு வாசலிலிருந்து நடைமேடை வரை கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்து பாருங்கள்.