செருகுநிரலா, துணைப்பொதியா, சேர்பொதியா?

வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு முகவர்களில் (நாம் சொல்லும் வேலையைத் தாமே செய்யும் மென்பொருள்களில்) நிறுவியிருக்கும் ஆட்-ஆன் பேக்கேஜ்களைப் பட்டியலிடும் கருவிக்கு உதவிப்பக்கம் எழுத உட்கார்ந்தால் முதல் வரியே இடறுகிறது. அந்தக் கருவி எதைப் பட்டியலிடுகிறது? செருகுநிரல், துணைநிரல் என்ற இரண்டு சொற்களும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. ஆனாலும் இரண்டுமே இங்கே பொருந்தா என்பது என் கருத்து. தடை "நிரல்" என்ற பின்பாதியில் இருக்கிறது.

ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்திய ஸ்கில் (திறன்) வடிவத்தையே பாருங்கள். ஒரு கோப்புறை, அதற்குள் ஸ்கில்.எம்டி என்ற உரைக்கோப்பு. அதன் தலைப்பகுதியில் 64 குறிகளுக்குள் பெயர், 1024 குறிகளுக்குள் விளக்கம். கீழே முகவர் படிக்க வேண்டிய அறிவுறுத்தல்கள். ஒரு வரி நிரல்கூட இல்லாமல் இது முழுமையான பேக்கேஜ். இதைச் செருகுநிரல் என்று எழுதினால், பயனர் இயங்குகோப்பைத் தேடுவார். கிடைக்காதபோது நிறுவல் பழுது என்று நினைப்பார்.

என் பரிந்துரை: துணைப்பொதி.

---

> என் பரிந்துரை: துணைப்பொதி.

"பொதி" சரி. பஞ்சுப்பொதி, பொதிமாடு என்று கட்டிச் சுமப்பதைக் குறிக்கும் சொல்; உள்ளே இருப்பது நிரலா உரையா என்று அது கேட்பதில்லை. "துணை"தான் உறுத்துகிறது. துணைத்தலைவர், துணைப்பிரிவு, துணைக்கோப்புறை என்று பழகிய கண் இதை "ஒரு பொதிக்குள் அடங்கிய சிறு பொதி" என்றே படிக்கும். இந்தக் கருவிக்கு அது உண்மையான ஆபத்து. ஒரே பொதிக்குள் 5 திறன்கள் இருக்கலாம். "துணைப்பொதிகள்: 5" என்று திரையில் வந்தால் எதன் எண்ணிக்கை என்று எப்படித் தெரியும்?

"கூடுதல் பொதி" என்றாலும் இதே கதிதான். "கூடுதல் பொதிகள் 3" என்பதை "இன்னும் மூன்று" என்று படிப்பார்கள். "இணைப்பு" ஏற்கெனவே சுட்டி, மின்னஞ்சல் இணைப்பு, பிணைய இணைப்பு என மூன்று வேலை பார்க்கிறது. "திறன்பொதி" அழகான சொல். ஆனால் வெளிச் சேவையகத்தின் முகவரியை மட்டும் தரும் பொதியில் திறன் எதுவும் இருக்காது. திறன் என்பதை ஸ்கில்லுக்கே விட்டுவிடுவோம்.

சேர்பொதி என்று வைக்கலாமா? செருகுநிரல் போலவே வினைத்தொகை. சேர்த்த, சேர்க்கின்ற, சேர்க்கும் பொதி என முக்காலமும் அதில் அடங்கும். நிறுவியதற்கும் இனி நிறுவப் போவதற்கும் ஒரே சொல் போதும்.

---

"துணை" பற்றிய மறுப்பை ஏற்கிறேன். சேர்பொதியே இருக்கட்டும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் "சேர்ப்பொதி" என்று எழுதக் கூடாது. இதைச் சொற்பட்டியலிலேயே குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வடிவமும் பரவி, தேடல் பாதிக்கும்.

தேடலில் இன்னொரு கண்ணியும் உண்டு. "பொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாக வைப்பது, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒன்றுதான், கிரெப் என்ற தேடல் கட்டளைக்கு வேறு வேறு. ஆவணங்களையும் மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் என்எஃப்சி என்ற, இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும். அப்படி மாற்றினால் சேர்பொதி 4 எழுத்து, 8 குறியீடு, யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 24 பைட்டு. சி மொழியின் அச்சிடும் செயற்கூறான பிரின்ட்எஃப், நெடுவரிசை அகலத்தைப் பைட்டில் எண்ணுகிறது. 20 அகலம் கொடுத்தால் இந்தச் சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளிகூடச் சேர்க்காது. பைத்தான் மொழியில் இடைவெளி நிரப்பும் எல்ஜஸ்ட் குறியீட்டை எண்ணி 12 இடைவெளி சேர்க்கும். திரையில் சொல் பிடிக்கும் இடமோ இரண்டுக்கும் ஒத்துவராது. ஆகவே தமிழ் வரும் நெடுவரிசையைக் கடைசியில் வைப்பதே பாதுகாப்பு: பெயர், பதிப்பு, பிறகு நிலை.

அந்த "நிலை"யில்தான் அதிகக் கவனம் வேண்டும். நிறுவியது, முடக்கியது இரண்டும் தெளிவு. "செயலில் உள்ளது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தொடக்கத்தில் முகவரின் சூழலுக்குள் (அது கண்முன் வைத்திருக்கும் உரைக்குள்) போவது திறனின் பெயரும் விளக்கமும்தான். உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போதுதான் அது படிக்கும். பட்டியல் கருவி பார்ப்பதோ வட்டில் உள்ள கோப்புறையையும் அமைப்புக்கோப்பையும். முகவர் எதைப் படித்தது என்று அதற்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லும் சொல் பிழையான சொல். "இயக்க அனுமதி உண்டு" என்பது நீளம்தான், ஆனால் உண்மை.

---

நிலைச் சொற்களை மனிதர் படிக்கும் வெளியீட்டில் மட்டும் தமிழாக்குவோம். மற்ற நிரல்கள் படிக்கும் ஜேசன் வெளியீட்டின் திறவுகளும் மதிப்புகளும் மூலத்தில் உள்ளபடியே நிற்கட்டும். அவற்றை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் மொழி மாறியதும் உடைந்துவிடும்.

கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கோப்பில், சேர்பொதியின் பெயர் வந்து நிற்கும் இடத்தோடு "ஐ" உருபை நேராக ஒட்டாதீர்கள். அங்கே வருவது ஆங்கில எழுத்திலுள்ள பெயர். அதனோடு தமிழ் உருபு ஒட்டாது. "… என்ற சேர்பொதியை நீக்கவா?" என்று பொதுப்பெயரில் உருபை ஏற்றினால் எந்தப் பெயருக்கும் பொருந்தும். பன்மை விதி ஒன்றைத் தவிர மற்ற எல்லா எண்ணையும் பன்மையாக்குவதால் "0 சேர்பொதிகள்" என்று வந்து நிற்கும். சுழியத்துக்கு "சேர்பொதி எதுவும் நிறுவப்படவில்லை" என்று தனிச் சரம் (திரையில் வரும் உரைத்துண்டு) கேட்டு நிரலாளருக்கு எழுத வேண்டும்.

"முகவர்" அர் விகுதி பெற்ற சொல் என்பதால் "முகவர் தொடங்கியது" காதில் இடிக்கிறது. வேறு சொல் தேட வேண்டாம். எழுவாயாக வராமல் வாக்கியத்தைத் திருப்பினால் போதும்.

வினை வடிவங்கள்: பொத்தானில் "பட்டியலிடு", உதவிப்பக்கத்தில் "பட்டியலிடும்", ஓடும்போது "பட்டியலிடுகிறது". உதவிப்பக்கத்தின் முதல் வரி இப்போதைக்கு இப்படி:

"முகவரில் நிறுவிய சேர்பொதிகளை, பதிப்புடனும் நிலையுடனும் பட்டியலிடும்."

பயனர் அளவில் நிறுவியதையும் திட்ட அளவில் நிறுவியதையும் பிரித்துக் காட்ட "அளவு" என்ற தலைப்பு சரிவராது. கோப்பின் பருமன் என்று படித்துவிடுவார்கள். "இடம்" என்று இடுகிறேன். மறுப்பு இருந்தால் சரங்களைப் பூட்டுவதற்கு முன் சொல்லுங்கள்.