புது ரைடு எங்கே வைக்கணும்? செந்தோசா போய்வந்ததும் வந்த கேள்வி

ஈசூன்வாசி எழுதியது:

போன சனிக்கிழமை சிங்கப்பூர் செந்தோசாவில இருக்கிற யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்க்குக்குக் குடும்பத்தோட போயிருந்தோம். நான், வீட்டுக்காரர், பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 5, கூட ஊரிலிருந்து வந்திருக்கிற மாமியார். அத்தைக்கு 71 வயசு. ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சுபோச்சு, கழுத்துலயும் வலி.

2019-ல அத்தை வந்தப்போ அந்த பார்க்குல அவங்களுக்குப் பிடிச்ச ஒரே ரைடு மடகாஸ்கர் படகுதான். உள்ளே ஏசி, படகு மெதுவாப் போகும், சுத்தி பொம்மைங்க. அன்னிக்கு மூணு தடவை போனாங்க. இந்த முறை உள்ளே நுழைஞ்சதுமே "அந்தப் படகு எந்தப் பக்கம்மா?"ன்னு கேட்டாங்க. 2022-லேயே அந்தப் பகுதியை மூடிட்டாங்க, அந்த இடத்துலதான் 2025 பிப்ரவரியில மினியன் லேண்ட் திறந்தாங்கன்னு நான்தான் சொல்ல வேண்டியதாப் போச்சு. பிள்ளைங்களுக்கு மினியன்னா உயிர், அதை நான் குறை சொல்லலை. ஆனா திரையைப் பார்த்துக்கிட்டே நாற்காலி ஆட்டம் போடுற ரைடு அத்தை கழுத்துக்கு ஆகாது. அவங்க வெளியே பெஞ்சுல உட்கார்ந்து எங்க பைகளைப் பார்த்துக்கிட்டாங்க. ஊருக்கே போன் போட்டு ரெண்டு தடவை பேசிட்டாங்க, அவ்வளவு நேரம்.

நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எடுத்துட்டு இன்னொண்ணை ஏன் வைக்கணும்? பக்கத்துல சேர்த்து வைக்க முடியாதா? ஒரு பார்க்குக்குப் புது ரைடு எங்கே, எப்படி வைக்கணும்னு உங்ககிட்ட விட்டா என்ன செய்வீங்க? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கோஸ்டர்பிரியன் எழுதியது:

அக்கா, என்னைக் கேட்டா முதல்ல ஒரு பெரிய ரோலர் கோஸ்டர். அங்கே இருக்கிற கேலக்டிகா கோஸ்டர்ல சிவப்பு, நீலம் ரெண்டு தடமும் 2010-ல வந்தது. அதுக்கப்புறம் அந்த அளவுல ஒண்ணும் வரலை. பார்க் நடுவுல இருக்கிற குளத்துக்கு மேலயே தடம் போட்டா நிலமும் மிச்சம், தூரத்திலிருந்து பார்த்தாலே ஆள் வரும். நான் வருஷத்துக்கு அஞ்சாறு தடவை போறவன். நாலாவது தடவைக்கு மேல என்னை இழுக்கறது கோஸ்டர் மட்டும்தான்.


உயரக்கம்பு எழுதியது:

வணக்கம்மா. நான் 19 வருஷம் ரைடு ஓட்டுற வேலையில இருந்தவன். முதல் 6 வருஷம் சென்னைப் பக்கம் ஒரு பார்க், அப்புறம் வெளிநாடு. இங்கே வெச்சுக்கிட்ட பேரும் வேலையிலிருந்து வந்ததுதான். என் கையில அதிக நாள் இருந்த சாமான் பிள்ளைகளை அளக்கிற அந்தக் கம்பு.

ஏன் எடுத்தாங்கன்னு கேட்டீங்க. இடம் இல்லைம்மா. மொத்த பார்க்கே சுமார் 20 ஹெக்டேர், நம்ம கணக்குல 49 ஏக்கர். நடுவுல குளம், அதைச் சுத்திப் பகுதிகள். அந்த வட்டத்துக்குள்ள ஒண்ணு வரணும்னா ஒண்ணு போகணும். போனதுக்கும் வந்ததுக்கும் நடுவுல கிட்டத்தட்ட மூணு வருஷம் அந்தப் பகுதி தட்டி போட்டு மூடிக் கிடந்ததே, இடிச்சுக் கட்டுறதுல உள்ள உண்மையான நஷ்டம் அது. டிக்கெட் எடுத்து வந்தவங்க அத்தனை பேரும் மிச்சமிருந்த வரிசைகள்ல போய் நின்னாங்க.

இடிக்காமலும் வழி உண்டு. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டுக்கு 1960-களிலேயே இந்த நெருக்கடி வந்துடுச்சு. பார்க்கைச் சுத்தி மண்மேடு, மேட்டுமேல ரயில். அந்த மேட்டு வட்டத்துக்குள்ள பெரிய கட்டடம் எழுப்ப இடமில்லை. அதனால 1967-ல வந்த கடற்கொள்ளையர் படகுக்கும், 1969-ல வந்த பேய் மாளிகைக்கும் வாசலை மட்டும் உள்ளே வெச்சுட்டு, ரைடு ஓடுற பெரிய கொட்டகையை மேட்டுக்கு வெளியே கட்டினாங்க. பேய் மாளிகையில நுழைஞ்சதும் ஒரு எட்டு மூலை அறை. கதவு மூடும், சுவர்ல மாட்டின படமெல்லாம் நீண்டுகிட்டே போகும். நாம நிக்கிற தரைதான் லிஃப்ட் மாதிரி கீழே இறங்குது. இறக்கி, ரயில் பாதைக்கு அடியில நடத்திக் கூட்டிட்டுப் போய் வெளிக் கொட்டகையில வண்டி ஏத்துறாங்க. நிலம் பத்தலைன்னு கண்டுபிடிச்ச வழி, இன்னிக்கு அந்த ரைடுலேயே ஜனங்க ரசிச்சுப் பேசுற இடம் அதுதான்.

அடுத்தது, எங்கே வைக்கணும். என் அனுபவத்துல பார்க்குகள் செய்யற பெரிய தப்பு ஒண்ணுதான்: வெறும் மண் எங்கே கிடக்குன்னு தேடி அங்கே ரைடை இறக்குறது. ஜனம் எங்கே தேங்கி நிக்குது, எந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கலை, யார் பெஞ்சுலயே உட்கார்ந்திருக்காங்க, இதை ஒரு மாசம் நின்னு எண்ணிட்டு அப்புறம் மண்ணைத் தேடணும்.

சென்னைப் பக்கம்னு சொன்னேனே, அங்கே ஒரு மே மாசம் காம்பவுண்டு சுவர் ஓரமா, ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்துல புது ரைடு வந்தது. காலி இடம், அதனால வெச்சாங்க. வரிசை 50 நிமிஷம், மேலே ஒரு ஷீட்டு கிடையாது, தண்ணிக் குழாய்க்கு இருநூறு தப்படி நடக்கணும். அளக்கிற கம்பு படிக்கட்டு உச்சியில. ஒருநாள் மதியம் ரெண்டு மணி இருக்கும், ஒரு பாட்டியும் பேரனும் மேலே வந்து சேர்ந்தாங்க. பையன் கம்புக்கு அடியில நின்னான். ரெண்டு விரற்கடை குறைச்சல். செருப்புக்குள்ளேயே குதிகாலைத் தூக்கிப் பார்த்தான். நான் தோள்ல கை வெச்சதும் தானா இறங்கிட்டான். பாட்டி என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. முந்தானையால அவன் பிடரி வேர்வையைத் துடைச்சுவிட்டு, வந்த படியிலேயே திரும்பி இறங்கினாங்க. இறங்கத் தனி வழி கிடையாது. மேலே ஏறி வர்ற கூட்டத்துக்குள்ள "வழி விடுங்கப்பா, வழி விடுங்கப்பா"ன்னு சொல்லிக்கிட்டே போனாங்க. கம்பை வரிசை தொடங்குற இடத்துக்கு மாத்தச் சொல்லி அன்னிக்கே எழுதிக் கொடுத்தேன். ஒரு கம்பைத் தூக்கி நட ரெண்டு மாசம் ஆச்சு. இதெல்லாம் இரும்பு வர்றதுக்கு முன்னாடி தாளிலேயே போட்டிருக்க வேண்டிய விஷயம்.

தம்பி கோஸ்டர் கேட்டார். வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு கணக்கு. ஒரு ரயில்ல 24 பேர்னு வெச்சுக்குங்க. ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு ரயில் விட்டா மணிக்கு 40 ரயில், 960 பேர். ஒருத்தர் பையை எங்கே வைக்கிறதுன்னு தேடறார், இன்னொருத்தர் செருப்பைக் கழட்டறார், ஒரு பெல்ட் மாட்டலை, ரெண்டரை நிமிஷம் ஆயிடுச்சுன்னா மணிக்கு 24 ரயில், 576 பேர். அதே ரயில், அதே தடம், 384 பேர் வரிசையில பாக்கி. அதனால பை வைக்கிற இடம் ஏறும் மேடையில இல்லாம முன்னாடியே இருக்கணும், ஏறுறது ஒரு பக்கம், இறங்குறது மறு பக்கம். கேலக்டிகா 2013-ல நின்னு 2015-ல திரும்பி வந்தப்போ நாலு பேர் உட்கார்ற வரிசைக்குப் பதிலா ரெண்டு பேர் வண்டி வந்தது ஞாபகம் இருக்கும். அதே நேரத்துல ஏறுற ஆள் அதனால குறைஞ்சாங்க. நிக்காம ஓடுற படகும், சங்கிலி மாதிரி தொடர்ந்து நகர்ற இருக்கையும் இருக்கிற ரைடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. பாட்டியும் ஏறலாம், வரிசையும் நகரும். அத்தைக்குப் பிடிச்ச படகு அந்த ஜாதி.

இன்னொண்ணு மழை. சிங்கப்பூர்ல இடி மின்னல் இல்லாத மாசம் கிடையாது. எச்சரிக்கை வந்ததும் வெளியில ஓடுற கோஸ்டரை நிறுத்தியே ஆகணும். நிறுத்தின அந்த நிமிஷம் அங்கே நின்ன கூட்டம் முழுக்க உள்ளரங்க ரைடு வாசலுக்கு ஓடி வரும். வெளியில ஒண்ணு கூட்டினா, அந்தக் கூட்டத்தைத் தாங்க கூரைக்குள்ளயும் ஒண்ணு கூட்டணும். அது இல்லாம கோஸ்டர் மட்டும் வந்தா, மதியம் 3 மணி மழையில உங்க பிள்ளைங்க மினியன் வரிசையில நின்னே பொழுது போயிடும்.


பர்மிங்காம்காரி எழுதியது:

அண்ணே, அந்தப் பாட்டி கண்ணுக்குள்ளேயே நிக்கிறாங்க.

இங்கே இங்கிலாந்துல எங்க பக்கத்துல ஆல்டன் டவர்ஸ்னு ஒரு பார்க் இருக்கு. அங்கே மரங்களுக்கு மேலே எதுவும் தலைகாட்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு. பழைய மாளிகைத் தோட்டம், சுத்தி கிராமம். அதனால நெமிசிஸ் கோஸ்டருக்குப் பாறையை வெடி வெச்சுப் பள்ளம் தோண்டி, 1994-ல அந்தப் பள்ளத்துக்குள்ளேயே தடத்தைப் போட்டாங்க. நீளம் 716 மீட்டர்தான், ஆனா பாறை முகத்துல மோதுற மாதிரி கிட்டக்கப் போறதால வேகம் ரெட்டிப்பாத் தெரியும். 1998-ல வந்த அப்லிவியனும் அப்படித்தான், கிட்டத்தட்ட நேர் கீழே விழுந்து தரைக்குள்ள இருக்கிற சுரங்கத்துல நுழையும். உயரம் கிடைக்கலைன்னு ஆழம் போனாங்க.

எனக்குப் பிடிச்சது வேற. நெமிசிஸ்ல ஏற மாட்டேன்னு சொல்றவங்களுக்கும் அதுல பங்கு உண்டு. பள்ளத்தோட விளிம்புலயே நடைபாதை போகுது. எங்கப்பா கோஸ்டர்ல கால் வைக்க மாட்டார். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார், நாங்க தலைகீழா அவர் முன்னாடி போனோம். காலை ஆட்டினோம், கையை ஆட்டினார். இறங்கி வந்ததும் "நீ கண்ணை மூடிட்டே"ன்னு சரியாச் சொன்னார். புது ரைடு வைக்கிறவங்க அதைச் சுத்தி நிக்கிறவங்களுக்கும் ஒரு இடம் வெக்கணும்.

2022 நவம்பர்ல மூடி, தடத்தை மாத்தி, 2024 மார்ச்ல அதே பள்ளத்துல திரும்பத் திறந்தாங்க. இடம் சரியா அமைஞ்சா இரும்பு தேய்ஞ்சதுக்கப்புறமும் இடம் நிக்கும்.


கோஸ்டர்பிரியன் எழுதியது:

உயரக்கம்பு அண்ணே, 384 கணக்கு எனக்குத் தெரியாது. ரயில் கிளம்பலையேன்னு நானே எத்தனை தடவை கடுப்பாகியிருக்கேன். ஆனா இடம் பத்தி ஒரு கேள்வி. ஜெர்மனியில ஃபாண்டசியாலாண்ட் பார்க் இதைவிட நெருக்கம்தானே? அங்கே 2016-ல வந்த டாரோன் கோஸ்டர் 1,320 மீட்டர் தடம், தன்னையே குறுக்கும் நெடுக்குமா நூறு தடவைக்கு மேல தாண்டிப் போகுது. பாறை, நடைபாதை எல்லாத்துக்கும் நடுவுல பின்னி வெச்சிருக்காங்க. 2020-ல வந்த எஃப்.எல்.ஒய். ஒரு ஹோட்டலையே சுத்திப் பறக்குது. நம்ம குளத்துல அப்படிச் செய்ய முடியாதா?


உயரக்கம்பு எழுதியது:

முடியும் தம்பி. நல்ல உதாரணம் சொன்னீங்க. பின்னல் தடத்துல நான் முதல்ல தேடறது அழகை இல்லை, கிரேன் எப்படி உள்ளே வரும்ங்கிறதை. ரயில் நடுவழியில நின்னா ஆட்களை இறக்கிக் கூட்டி வர நடைமேடை வேணும். சக்கரம் மாத்த ரயிலைத் தடத்திலிருந்து பிரிச்சு எடுக்கத் தனிக் கொட்டகை வேணும். குளத்துக்கு மேலன்னா இது ரெண்டும் இன்னும் கஷ்டம், அதோட குளத்துல ராத்திரி காட்சி நடத்துற வாய்ப்பையும் விட வேண்டியிருக்கும். ராத்திரி காட்சின்னா வரிசை இல்லாம ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான பேர் நின்னு பார்க்கிறது. ஒரு கோஸ்டர் அதுக்கு ஈடு கட்டாது. நான் குளத்தை விட்டுடுவேன். வாசலிலிருந்து தூரத்துல, பார்க்குல எகிப்துன்னு பேர் வெச்ச பகுதி மாதிரி இடத்துல, கூரைக்குள்ள வைப்பேன். வாசலுக்குப் பக்கத்துல வெச்சா ஜனம் உள்ளே போகாம அங்கேயே கூடி நிக்கும்.


ஈசூன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அத்தைக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். பர்மிங்காம் அப்பா கையாட்டின இடத்துல சிரிச்சாங்க. உங்க பாட்டி கதைக்கு ஒண்ணும் சொல்லாம எழுந்து காப்பி போடப் போயிட்டாங்க.

அண்ணே, பார்க்குக்குக் கருத்து எழுதி அனுப்பலாம்னு இருக்கேன். நின்டெண்டோ வீடியோ கேம் பகுதி வேற கட்டிக்கிட்டு இருக்காங்க. என்ன எழுதினா படிப்பாங்க?


உயரக்கம்பு எழுதியது:

"படகைத் திருப்பிக் கொடுங்க"ன்னு எழுதாதீங்கம்மா, அது ஒரு ஓரமாப் போயிடும். சனிக்கிழமை எத்தனை மணிக்கு உள்ளே போனீங்க, எத்தனை மணிக்கு வெளியே வந்தீங்க, அதுல அத்தை பெஞ்சுல உட்கார்ந்தது எவ்வளவு நேரம், அந்த பெஞ்சு எங்கே, நிழல் இருந்ததா, மொத்தம் எத்தனை ரைடு ஏறினாங்க, இதை மட்டும் எழுதுங்க. நீங்க 5 பேர் டிக்கெட் எடுத்தீங்கன்னும் போடுங்க. நாங்க ஆபீஸ்ல இந்த மாதிரிக் கடுதாசியைத்தான் எடுத்துத் தனியா வைப்போம், நேரம் போட்டிருந்தா அன்னிக்கு வரிசை நீளத்தோட சேர்த்துப் பார்க்கலாம்.

சின்னவளை வீட்டுல சுவர்ல நிக்க வெச்சு இன்னிக்கு உயரம் குறிச்சு வெச்சுக்குங்க. அடுத்த தடவை கிளம்புறதுக்கு முன்னாடி பாருங்க, செருப்பு இல்லாம.