ஆன்டிபயாடிக் சிரப்: சின்னவனுக்கு 7.5 மி.லி. அதிகமா?

குட்டிப்புயல் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். சின்னவனுக்கு மூன்றரை வயது, எடை 14 கிலோ. இரண்டு நாளாகக் காய்ச்சல், காதைப் பிடித்துக்கொண்டு அழுகை. நடுக்காதில் தொற்று என்று சொல்லி மருத்துவர் அமாக்சிசிலின் சிரப் எழுதிக் கொடுத்தார். ஒரு வேளைக்கு 7.5 மி.லி., காலையும் இரவும், ஏழு நாள்.

வீட்டில் இப்போது பஞ்சாயத்து. "பெரியவனுக்கு 7 வயதில் தொண்டைக்கு இதே மருந்தைக் கொடுத்தப்போ 5 மி.லி.தான். அவனில் பாதி இருக்கிற பிள்ளைக்கு ஏழரையா?" என்கிறார் மாமியார். கேட்டதும் எனக்கும் பயம் வந்துவிட்டது. அளவைப் பாதியாக்கிக் கொடுக்கலாமா? பெரியவனுடைய பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா? முதல் வேளையைக் கொடுத்த உடனே பாதியைத் துப்பியும் விட்டான்.

மருந்துப்பெட்டி:

நான் மருந்தாளுநர். பல வருடம் குழந்தைகள் வார்டுக்கு மருந்து கலந்து கொடுத்தவள். பாதியாக்காதீர்கள். பழைய பாட்டிலைக் கழுவும் தொட்டியில் ஊற்றாமல், மருந்துக்கடையில் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். தண்ணீர் கலந்த அமாக்சிசிலின் அதிகபட்சம் 14 நாள்தான், அதற்குப் பிறகு அதை நம்ப முடியாது.

மாமியார் ஒப்பிடுவது மி.லி.யை. மி.லி. என்பது பாட்டிலிலிருந்து எடுக்கும் நீர்ம அளவு மட்டுமே, மருந்து மில்லிகிராமில் இருக்கிறது. ஒரே அமாக்சிசிலின் 5 மி.லி.க்கு 125, 250, 400 மி.கி. என்று பல வலிமைகளில் வருகிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. ஆகவே "பெரியவனுக்கு ஐந்து, சின்னவனுக்கு ஏழரை" என்பதை மட்டும் வைத்து யாருக்கு அதிகம் போனது என்று சொல்லவே முடியாது.

நோயும் கணக்கை மாற்றும். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மி.கி. வழக்கம். அந்தக் கிருமி இன்றுவரை பென்சிலினுக்கு (அமாக்சிசிலினும் அந்தக் குடும்பம்தான்) அடங்குகிறது. காதில் அப்படி இல்லை. ஓரளவு எதிர்ப்பு பெற்றுவிட்ட நிமோகாக்கஸ் என்ற கிருமியையும் மடக்கும் அளவுக்கு மருந்து நடுக்காதுக்குப் போய்ச் சேர வேண்டும், அதனால் பல வழிகாட்டுதல்களில் கிலோவுக்கு 80 முதல் 90 மி.கி. 14 கிலோவுக்கு அது நாளொன்றுக்கு 1120 முதல் 1260 மி.கி. வரை.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். சீட்டில் என்ன வலிமை எழுதியிருக்கிறது, பாட்டில் லேபிளில் என்ன இருக்கிறது, இரண்டையும் அப்படியே இங்கே எழுதுங்கள்.

குட்டிப்புயல் அம்மா:

சீட்டில் 400 மி.கி./5 மி.லி. என்று இருக்கிறது. பாட்டிலில் 250 மி.கி./5 மி.லி. இதை நான் கவனிக்கவே இல்லை!

மருந்துப்பெட்டி:

அப்படியானால் உங்கள் பயம் தலைகீழ். 400 பாட்டிலில் 7.5 மி.லி. எடுத்தால் 600 மி.கி., இரண்டு வேளைக்கு 1200. மருத்துவர் கணக்கு கச்சிதமாக இருக்கிறது. கையில் இருக்கும் 250 பாட்டிலில் அதே 7.5 மி.லி. எடுத்தால் வெறும் 375 மி.கி. அவர் நினைத்ததில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடவில்லை. இதையும் பாதியாக்கியிருந்தால் கிருமிக்கு வலிக்கக்கூட வலித்திருக்காது.

உங்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எழுதிய வலிமை கையிருப்பில் இல்லையென்றால் கடையில் வேறு வலிமை கொடுப்பதுண்டு. அப்போது மி.லி.யை மாற்றி எழுதி, ஏன் மாற்றினோம் என்றும் சொல்ல வேண்டும். அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

நீங்களாக 12 மி.லி. என்று மாற்றிக் கொடுத்துவிட வேண்டாம். கணக்குப்படி அதுதான் வருகிறது, ஆனாலும் அடுத்த வேளைக்குள் மருத்துவமனைக்கோ மருந்துக்கடைக்கோ போன் செய்து "சீட்டில் 400, பாட்டிலில் 250, எத்தனை மி.லி.?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். குழந்தையின் எடையையும் சொல்லுங்கள்.

இரவுப்பணி அப்பா:

துப்புவதற்கு எங்கள் வீட்டு வழி: கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊசி இல்லாத, வாய்வழி கொடுக்கும் சிரிஞ்ச். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உட்புறமாக நுனியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும். மூக்கைப் பொத்துவதும் கூடாது. பால் பாட்டிலில் கலந்து கொடுத்தால் பாதியிலேயே வேண்டாம் என்பான், எவ்வளவு உள்ளே போனது என்றே தெரியாது.

மூன்றாம்மாடி:

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? எங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவோம். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் அடுத்த சளிக்கு உதவும்.

மருந்துப்பெட்டி:

மூன்றாம்மாடி, அடுத்த சளி பெரும்பாலும் வைரஸாக இருக்கும். அதற்கு இந்த மருந்து ஒன்றும் செய்யாது. மூக்கு பச்சையாக ஒழுகுவதை வைத்து மட்டும் பாக்டீரியா என்று முடிவு கட்டவும் முடியாது. ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்தால் யாராவது ஒருநாள் எடுத்து ஊற்றத்தான் செய்வார்கள்.

எத்தனை நாள் என்பதில் நீங்கள் சொல்வதில் ஒரு பொறி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பத்து நாள் கொடுத்தால்தான் என்ற பழைய பிடிவாதம் தளர்ந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2021இல் வெளியான கேப்-இட் ஆய்வில், நிமோனியாவால் மருத்துவமனைக்கு வந்து வீட்டுக்கு அனுப்பும் அளவுக்குத் தேறியிருந்த குழந்தைகளுக்கு 3 நாள் அமாக்சிசிலின் 7 நாளுக்குக் குறைவில்லாமல் வேலை செய்தது. ஆனால் அது அந்த நோய்க்கு, அந்த நிலையில் இருந்த குழந்தைகளுக்கு. காதுக்கு இரண்டு வயதுக்குக் கீழே 10 நாள், சின்னவன் வயதில் தொற்று கடுமையாக இல்லையென்றால் 7 என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். தொண்டை ஸ்ட்ரெப்புக்கு பென்சிலினும் அமாக்சிசிலினும் இன்றும் வழக்கமாக 10 நாள், அந்தத் தொற்றுக்குப் பின்னால் வரக்கூடிய வாதக் காய்ச்சல் இதயத்தைத் தொடாமல் இருக்க. குறைக்கலாமா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். காய்ச்சல் விட்டதை வைத்து நாமே குறைப்பது வேறு.

இரவுப்பணி அப்பா, கரண்டியை ஒழித்ததற்குக் கை கொடுக்கிறேன். ஒன்றைச் சேர்க்கிறேன். வாந்தி எடுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். அமாக்சிசிலினுக்கு, கொடுத்து அரை மணிக்குள் என்றால் அதே அளவை மறுபடி கொடுக்கலாம், அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த வேளைதான். கொடுப்பதெல்லாம் வாந்தியானால் வேறு வழி யோசிக்க வேண்டும், போன் செய்யுங்கள். மறந்துபோன வேளையை ஞாபகம் வந்ததும் கொடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து இரட்டிப்பாக மட்டும் வேண்டாம்.

குட்டிப்புயல் அம்மா (மறுநாள்):

போன் செய்தேன். மருத்துவரே கடையில் பேசினார், 400 பாட்டில் மாற்றித் தந்தார்கள். ஆனால் தூளாகத்தான் தந்திருக்கிறார்கள். கோடு வரை தண்ணீர் ஊற்றினேன், குலுக்கியதும் அளவு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்னும் ஊற்றவா?

மருந்துப்பெட்டி:

ஆமாம், மறுபடி கோடு வரை ஊற்றிக் குலுக்குங்கள். கோட்டுக்குக் குறைவாக விட்டால் மருந்து அடர்த்தியாகிவிடும், அதிகமாக ஊற்றினால் நீர்த்துப்போகும். கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீர்தானே? அடுத்த முறை முதலில் பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்த்துவிட்டு, பாதித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு மீதியை ஊற்றுங்கள். கலந்த தேதியை லேபிளிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் மருந்தும் போகும்.

இதை எல்லா சிரப்புக்கும் அப்படியே பொருத்தாதீர்கள். அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் என்ற மருந்தும் சேர்ந்தது கட்டாயம் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், ஆயுளும் குறைவு. கிளாரித்ரோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக் சிரப்பை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, கெட்டியாகிவிடும். லேபிளைப் படிப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

குட்டிப்புயல் அம்மா (ஐந்தாம் நாள்):

காய்ச்சல் இல்லை, காதைத் தொடுவதில்லை. வயிற்றில் மட்டும் சிவப்புப் புள்ளிகள். அரிப்பு இல்லை, ஓடி விளையாடுகிறான். ஒவ்வாமையா?

மருந்துப்பெட்டி:

இப்படிச் சில நாள் கழித்து வரும் தட்டையான, அரிக்காத புள்ளிகள் அமாக்சிசிலின் குடிக்கும் பிள்ளைகளுக்கு வருவதுண்டு, கூடவே இருக்கும் வைரஸாலும் வரும். பல நேரம் உண்மையான ஒவ்வாமை இல்லை. ஆனால் நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடுத்த வேளைக்கு முன்பு மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

தடிப்புத் தடிப்பாக வீங்கி அரித்தால், உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இழுத்தால், துவண்டு போனால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். வாயிலோ கண்ணிலோ கொப்புளம் வந்தாலும் அப்படியே.

இன்றே புள்ளிகளைப் படம் எடுத்து, எத்தனையாவது நாள், கடைசி வேளைக்கு எவ்வளவு நேரம் கழித்து, அரிப்பு உண்டா இல்லையா என்று பிள்ளையின் மருத்துவக் குறிப்பில் எழுதி வையுங்கள். "பென்சிலின் ஆகாது" என்று மட்டும் யாரையும் எழுத விடாதீர்கள். அப்படி முத்திரை குத்தப்பட்டவர்களைப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒவ்வாமையே இருப்பதில்லை. முத்திரை மட்டும் காலத்துக்கும் நின்று, தேவையில்லாமல் இன்னும் கடுமையான மருந்துகளுக்குத் தள்ளும்.