பிள்ளைக்காகக் கேட்ட ஒரு மணி நேரம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து:
26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து ஆபீசுக்குத் திரும்பியதும், சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாமா என்று கேட்டேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கணக்குப் பிரிவு வேலை. மேலாளர் யோசிக்கவே இல்லை. "பார்ட் டைமா மாத்திக்கோங்கம்மா. சம்பளம் பாதி, பி.எஃப். கிடையாது." ஒரு மணி நேரம் குறைந்தால் பாதிச் சம்பளமாம்! கணக்கு எழுதுகிற எனக்கே அந்தக் கணக்கு புரியவில்லை. பி.எஃப். பேச்சும் தப்பு, பகுதி நேரம் என்பதற்காக மட்டும் அதை நிறுத்த முடியாது.

வேலை நேரத்தைக் குறைத்துக் கொடு என்று தனியாரில் உரிமையாகக் கேட்க நம்மிடம் பொதுவான சட்டம் இல்லை. ஆனால் 1961ஆம் வருடத்துப் பேறுகாலச் சட்டத்தில் 11ஆவது பிரிவு இருந்தது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டத் தினமும் இரண்டு இடைவேளை. அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்றது 13ஆவது பிரிவு. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது.

இரண்டு பிரிவுகளையும் பிரிண்ட் எடுத்து மேலாளர் மேசையில் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். "சரி, பால் குடுக்க வீட்டுக்கா போய்ட்டு வருவீங்க?" அதுவும் நியாயம்தான், போய்வரவே நேரம் சரியாகிவிடும். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும்; நாங்கள் நாற்பத்துச் சொச்சம். அதனால் இரண்டு இடைவேளையையும் சேர்த்து மாலையில் கொடுங்கள் என்றேன். அப்படிச் சேர்த்துத் தரச் சட்டம் சொல்லவில்லை, அவர்கள் மனசு வைத்தால்தான். இழுத்தடித்து, முக்கால் மணி நேரத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். மெயிலில் எழுதி வாங்கிவிட்டேன்.

(அரசு வேலையில் இருக்கும் பெண்களுக்கு, மாதம் மூன்று வெள்ளிக்கிழமை காலையில் பூஜைக்காக இரண்டு மணி நேரம் சலுகை என்று 2023இல் புதுச்சேரியில் அறிவித்தார்கள். தனியார்க்காரிகள் சாமி கும்பிட மாட்டோம் போல.)

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
எனக்குச் சட்டம் பேச வழியே இல்லை அக்கா. காலேஜ் முடிந்து ஜவுளிக்கடையில் பார்ட் டைம், நாலு மணிக்குப் போனால் ஒன்பதரை. தீபாவளி நெருங்கியதும் காலையிலேயே வரச் சொன்னார்கள், சம்பளம் மட்டும் பார்ட் டைமாகவே இருந்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்ற 2021 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஸ்டூல் போட்டார்கள், அதன்மேல் புடவைக் கட்டு உட்கார்ந்திருந்தது.

குருசுக்குப்பத்திலிருந்து:
என் நாத்தனார் பாரிஸில் இருக்கிறாள். அங்கே ஒரு வருட சர்வீஸ் இருந்தால் போதும், குழந்தைக்கு மூன்று வயதாகும்வரை நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வாரம் 16 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். முதலாளி மறுக்க முடியாது; எந்தெந்த நேரம் என்பதில்தான் பேச்சுவார்த்தை. குறைத்த நேரத்துக்குத் தகுந்த அளவே சம்பளமும் குறையும். அவள் புதன்கிழமை வேலைக்குப் போவதில்லை, அன்று மூத்தவனுக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம்.