அல்லோடைனியா: பிறழ்வலியா, கூச்சவலியா?

அனைவருக்கும் வணக்கம். சாதாரணமாக வலிக்காத ஒன்று பட்டாலே வலிப்பதை மருத்துவத்தில் அல்லோடைனியா என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> கிரேக்கத்தில் ‘அல்லோஸ்’ என்றால் பிற, ‘ஒடுனே’ என்றால் வலி. அயல்வலி அல்லது பிறழ்வலி என்று முடித்துவிடலாமே?

முடிக்க முடியாது ஐயா. அயல்வலி என்றதும் எனக்கு மாரடைப்பின்போது இடக்கையில் தெரியும் வலிதான் நினைவுக்கு வந்தது. ஓரிடத்து நோவு இன்னோரிடத்தில் தெரிவது வேறு சங்கதி. அதற்கென்று அந்தச் சொல்லை எடுத்துவைத்துக்கொள்வோம். பிறழ்வலி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது பிறழ்ந்தது என்று அது சொல்லவில்லை. நரம்பு நோயில் சும்மா இருக்கும்போதே ஷாக் அடிப்பதுபோல் தெறிக்கிறதே, அதுவும் பிறழ்ந்த வலிதானே?

அல்லோடைனியாவுக்கு வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் வரையறை சுருக்கமானது: வழக்கமாக வலி தராத ஒன்று பட்டு வலிப்பது. அக்கிக் கொப்புளம் காய்ந்து மாதக்கணக்கான பிறகும் சட்டைத் துணி உரசினாலே துடித்துப்போகிறவர்கள் உண்டு. (காவி குழைத்து அக்கி எழுதியதெல்லாம் முடிந்த பிறகு வரும் கட்டம் இது.) ஒற்றைத் தலைவலி நேரத்தில் சிலருக்குத் தலையில் சீப்பு வைக்க முடியாது. சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் போர்வை பட்டாலே எரியும். குடல் புற்றுநோய்க்கு ஆக்சாலிப்ளாட்டின் ஏற்றிக்கொண்டவர்கள் ஃபிரிட்ஜில் இருக்கும் பாட்டிலைத் தொட்டதும் கையை உதறுவார்கள். தொடு உணர்வைக் கொண்டுபோகும் ஏ-பீட்டா நரம்பிழைகளின் சேதி, தண்டுவடத்தில் வலிப் பாதைக்குள் புகுந்துவிடுவது இதற்கு ஒரு முக்கியமான காரணம்.

> தொடுவலி என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும், தவறாக. புண்ணைத் தொட்டால் யாருக்குத்தான் வலிக்காது? குளிர் பட்டு வலிப்பதும் அதில் அடங்காது. இன்னொருவர் சொன்ன பொய்வலி, பிரசவத்துக்கு முந்தைய சூட்டு வலிக்கு ஏற்கெனவே புழங்குகிறது. அதோடு, உயிர் போகிறது என்று கதறுபவரிடம் “உங்களுக்குப் பொய்வலி” என்று சொல்லிவிட்டு எந்த மருத்துவர் நிம்மதியாக வீடு போய்ச் சேர்வார்?

என் முன்மொழிவு கூச்சவலி. வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது, ஐஸ் தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. சாதாரணமாகத் தாங்கக்கூடியதைத் தாங்க முடியாமல் போவதை நாம் இப்படித்தான் சொல்கிறோம். வரையறையில் பாதி அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. வலி ஆய்வாளர் ரொனால்டு மெல்சாக் 1975இல் வெளியிட்ட மக்கில் வலி வினாத்தாளில், நோயாளி தன் வலி எப்படிப்பட்டது என்று தேர்ந்தெடுத்துச் சொல்ல 78 சொற்கள், 20 தொகுதிகளாக. குத்துவது, எரிவது, துடிப்பது என்று பெரும்பாலும் பேச்சு வழக்குச் சொற்கள்தான். குடைச்சல், கடுப்பு, உளைச்சல், விண்விண்ணென்று தெறிப்பது என்று நம்மிடமும் குறைவில்லை. இருப்பதை விட்டுவிட்டு வேர்ச்சொல்லுக்குக் கிரேக்கம் வரை போவானேன்?

> கூச்சம் என்றால் வெட்கம், கிச்சுகிச்சு என்றல்லவா நினைப்பார்கள்?

தனியாக நின்றால் நினைப்பார்கள். பல் கூச்சம் என்னும்போது யாரும் வெட்கத்தை நினைப்பதில்லை. டூத்பேஸ்ட் விளம்பரங்கள் நமக்கு அந்த வேலையைச் செய்து வைத்திருக்கின்றன. வேதனையின் கடுமை இதில் ஒலிக்கவில்லை என்ற குறை நியாயமானது. ஆனால் அல்லோடைனியா வலியின் வகையைத்தான் குறிக்கிறது, அளவை அல்ல. அளவுக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை கேட்கும் வழக்கம் தனியே இருக்கிறது. தொடுகூச்சவலி, குளிர்க்கூச்சவலி, வெப்பக்கூச்சவலி என்று கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வந்துவிடும்.

ஹைபரால்ஜீசியாவுக்கு மிகைவலியே இருக்கட்டும். ஊசி எல்லோருக்கும் வலிக்கும், அது உள்ளவருக்குப் பல மடங்கு வலிக்கும். ஒரே நோயாளிக்கு இரண்டும் சேர்ந்து வரலாம் என்பதால் இரண்டு சொற்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்களிடம் வயிற்று நோ, முதுகு நோ என்றுதானே பேச்சு. கூச்சநோ என்றால் அங்கே ஒட்டுமா, இல்லை எழுத்தில் வலி என்றே இருக்கலாமா?